ஓசூர் குளிருக்கும் தருமபுரி வெயிலுக்கும் ஏற்ற மீன் தொட்டி ஹீட்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கார்த்திகை பிறந்ததும் தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள் கேட்க ஆரம்பிக்கும் கேள்விகள் இவை. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் வீட்டில் மீன் வளர்ப்பவர்களை மனதில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன். சென்னைக்காரர்கள் ‘ஹீட்டரே வேண்டாம்’ என்பார்கள். பனி கொட்டும் நாட்டில் இருப்பவர்கள் வீடியோவில் ‘300 வாட் போடு’ என்பார்கள். இரண்டுமே நம்ம ஊருக்கு ஒத்து வராது.

அண்ணா, நம்ம ஊருக்கு ஹீட்டர் தேவையா, இல்லையா?

எந்த ஊர் என்று முதலில் சொல்லுங்கள். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தளி, தேன்கனிக்கோட்டை பக்கமும் அப்படித்தான். கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், தருமபுரி, அரூர் எல்லாம் அதைவிட நன்றாகவே தாழ்வு. மார்கழியில் காலை பஸ்ஸில் கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி தாண்டி மேலே ஏறுபவர்களுக்கு இந்த வித்தியாசம் காதிலேயே தெரியும். ஓசூரில் மார்கழி, தை இரவுகளில் வெளிக்காற்று 15 டிகிரிக்குக் கீழேகூட இறங்கும். அதே இரவில் தருமபுரி டவுனுக்குள் மொட்டை மாடி வெயிலை வாங்கி வைத்திருக்கும் ஒரு கான்கிரீட் வீட்டுக்குள் 22 டிகிரிக்குக் குறையாமல் இருக்கலாம்.

வீடும் கணக்கில் வரும். ஷீட் போட்ட வீடு, ஓட்டு வீடு, மாடியில் தனியாக நிற்கும் ஒற்றை அறை எல்லாம் ராத்திரியில் வேகமாகக் குளிரும். நடு அறையில் உள்சுவர் ஓரமாக வைத்த தொட்டி அவ்வளவு சீக்கிரம் குளிராது.

அதனால் ஹீட்டர் வாங்குவதற்கு முன்னால் ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டிக்குள் ஒட்டும் கண்ணாடி தெர்மாமீட்டரே போதும், விலையும் அதிகமில்லை. ஒரு வாரம் விடியற்காலை ஐந்தரை, ஆறு மணிக்கு ஒரு தடவை, மதியம் மூன்று மணிக்கு ஒரு தடவை பார்த்து எழுதி வையுங்கள். விடியற்காலையில் 24 டிகிரிக்குக் குறையவில்லை, மதியத்துக்கும் காலைக்கும் இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசமும் இல்லை என்றால் உங்களுக்கு ஹீட்டர் செலவு வேண்டாம். 22-க்குக் கீழே போகிறது, வளர்ப்பதும் வெப்ப நாட்டு மீன் என்றால் ஹீட்டர் வேண்டும். இடைப்பட்ட வீடுகளில் என்ன மீன் என்பதைப் பொறுத்து முடிவு செய்யலாம்.

கண்ணாடிக்கு வெளியே ஒட்டும் ஸ்டிக்கர் தெர்மாமீட்டரை நம்பி முடிவு எடுக்காதீர்கள். அது அறைக் காற்றின் சூட்டையும் சேர்த்தே காட்டும்.

ஆத்துல, ஏரியில மீன் குளிர்லயும்தானே இருக்கு? தொட்டி மீனுக்கு மட்டும் ஏன்?

ஏரியில் தண்ணீர் அதிகம். கிருஷ்ணகிரி அணையில் தேங்கி நிற்கும் தண்ணீர் ஒரு ராத்திரிக் குளிரில் அசையாது. மேல்பகுதி கொஞ்சம் குளிர்ந்தாலும் மீன் கீழே போய்விடும். 40 லிட்டர் தொட்டியில் அது எங்கே போகும்?

மீனுக்கு உடம்பில் சொந்தச் சூடு கிடையாது. தண்ணீர் எவ்வளவோ, உடம்பும் அவ்வளவு. தண்ணீர் குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகும், நோய் எதிர்ப்புச் சக்தியும் குறையும். ஃபில்டரில் அம்மோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாவும் மெதுவாகத்தான் வேலை செய்யும். நாம் வழக்கம்போலத் தீனி போடுவோம், மீன் பாதியைத்தான் தின்னும், மீதி அழுகும், அம்மோனியா ஏறும். மார்கழியில் ‘காரணமே இல்லாமல் செத்தது’ என்று சொல்லப்படும் மீன்களில் நிறைய இந்த வழியில் போனவை.

ஒரே சீரான 23 டிகிரியைப் பல மீன்கள் தாங்கிக்கொள்ளும். மதியம் 27, விடியற்காலை 20 என்று தினமும் ஏறி இறங்குவதைத்தான் அவற்றால் தாங்க முடியாது. குளிர்காலத்தில் நம்ம மாவட்டங்களில் நடப்பது இதுதான்: பகலில் சுள்ளென்று வெயில், இரவில் பனி. ஹீட்டரின் முக்கிய வேலை தண்ணீரைச் சுட வைப்பது அல்ல, இந்த ஏற்ற இறக்கத்தை நிறுத்துவதுதான்.

விடியற்காலையில் தொட்டி விளக்கைப் போடாமல், ஹால் விளக்கு வெளிச்சத்தில் ஒரு மோலி மீனைப் பாருங்கள். துடுப்பை உடம்போடு மடக்கிக்கொண்டு, இடத்தை விட்டு நகராமல், நீந்துவதுபோல் உடம்பை மட்டும் இடமும் வலமும் நெளித்துக்கொண்டிருந்தால் குளிரும் ஒரு காரணமாக இருக்கலாம். உடனே தெர்மாமீட்டரைப் பாருங்கள். தண்ணீரின் தரம் கெட்டாலும் இப்படிச் செய்யும். அளவு சரியாக இருந்தால் தண்ணீரைச் சோதியுங்கள்.

எந்த மீனுக்கு எத்தனை டிகிரி?

ஃபைட்டர், ஏஞ்சல், மோலிக்கு 24 முதல் 28 வரை. கப்பி 22-லும் சமாளிக்கும். நியான் டெட்ராவுக்கு 21 முதல் 26. ஃப்ளவர்ஹார்னுக்கு 26-க்குக் குறையாமல் இருப்பது நல்லது. டிஸ்கஸ் 28 முதல் 30 கேட்கும் மீன். ஓசூரில் டிஸ்கஸ் வளர்க்க ஆசைப்பட்டால் ஹீட்டர் செலவை மீன் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

பல வகை மீன்களைச் சேர்த்து வைத்திருக்கும் தொட்டிக்கு 25 வைத்தால் போதும். 28 வரை ஏற்றினால் நன்றாக இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. தேவையில்லை. சூடு கூடினால் தண்ணீரில் கரையும் ஆக்சிஜன் குறையும். கடல் மட்டத்தில் 20 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்கு ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும், 30 டிகிரியில் அது ஏழரைக்கு வந்துவிடும். ஓசூர் உயரத்தில் இரண்டுமே இன்னும் கொஞ்சம் குறைவு.

கோல்டு ஃபிஷ் மட்டும்தான் வச்சிருக்கேன்.

ஹீட்டர் வேண்டாம். 18 முதல் 22 வரை அதற்கு மிகவும் பிடித்த தண்ணீர், ஓசூர்க் குளிர் அதற்குச் சொர்க்கம். கோல்டு ஃபிஷ்ஷையும் ஏஞ்சலையும் ஒரே தொட்டியில் போட்டுக் கொடுக்கும் கடைகள் உண்டு. அப்படிப் போட்டால் ஹீட்டர் வைத்தால் ஒன்றுக்குக் கஷ்டம், வைக்காவிட்டால் இன்னொன்றுக்குக் கஷ்டம்.

தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் புதிதாகத் தொட்டி வைக்கிறவர்களுக்கு நான் சொல்வது: குளிர் தாங்கும் மீனாகவே எடுங்கள். சீப்ரா டேனியோ, ரோசி பார்ப், வைட் கிளவுட் எல்லாம் இருக்கின்றன. சீப்ராவும் ரோசி பார்ப்பும் நம் நாட்டு ஆறுகளில் இருக்கும் மீன்கள்தான், அழகிலும் குறைச்சல் இல்லை. ஊரின் தட்பவெப்பத்துக்கு ஏற்ற மீன் வளர்ப்பவருக்கு இந்தப் பக்கத்தின் மீதிப் பாதி தேவைப்படாது.

எத்தனை வாட் வாங்கணும்?

கடையில் ‘ரெண்டு அடி தொட்டியா? இந்தா 200 வாட்’ என்று எடுத்துக் கொடுப்பார்கள். அப்படி வாங்காதீர்கள்.

முதலில் தொட்டியில் உண்மையில் எத்தனை லிட்டர் என்று பாருங்கள். நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர். அடிக்கணக்கு என்றால் ஒரு கன அடிக்கு 28 லிட்டர். இரண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று அடி தொட்டி 56 லிட்டர் வரும். ஆனால் மேலே விடும் இடம், கீழே இருக்கும் கல், மணல் எல்லாம் போக, உள்ளே இருக்கும் தண்ணீர் 45 லிட்டர்தான்.

அடுத்து, எத்தனை டிகிரி ஏற்ற வேண்டும்? விடியற்காலையில் அறையின் சூடு 20, தண்ணீர் 25 இருக்க வேண்டும் என்றால் வித்தியாசம் 5. அதற்கு லிட்டருக்கு 1 வாட் போதும். வித்தியாசம் 10 என்றால் சிறிய தொட்டிக்கு லிட்டருக்கு 2 வாட் வரை வேண்டியிருக்கும். தொட்டி பெரிதாகப் பெரிதாக இந்த விகிதம் குறையும், ஏனென்றால் பெரிய தொட்டி சூட்டை மெதுவாகத்தான் இழக்கும்.

நம்ம ஊருக்குப் பொருத்திப் பார்த்தால், தருமபுரியில் கான்கிரீட் வீட்டில் இரண்டு அடி தொட்டிக்கு 50 வாட் தாராளம். ஓசூரில் ஷீட் வீட்டில் அதே தொட்டிக்கு 75 முதல் 100. மூன்று அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டியில் 160 லிட்டர் போல நிற்கும். அதற்கு தருமபுரியில் 75 வாட் இரண்டு, ஓசூரில் 100 வாட் இரண்டு.

வாட்டைக் கூட்டுவதற்கு முன் சூடு வெளியே போகும் வழிகளை அடைத்துவிடுங்கள். முதல் வழி மேல்பகுதி. தண்ணீர் ஆவியாகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். மேலே கண்ணாடியோ அக்ரிலிக் தகடோ வைத்து, காற்றுக்குக் கொஞ்சம் இடைவெளி விட்டால் போதும், ஹீட்டர் ஓடும் நேரம் கண்கூடாகக் குறையும். தொட்டிக்கு அடியில் தெர்மோகோல் எப்படியும் போட்டிருப்பீர்கள். பின்பக்கக் கண்ணாடிக்கும் ஒரு தெர்மோகோல் ஷீட் ஒட்டிவிடுங்கள்.

பெரிய வாட் போட்டா சீக்கிரம் சூடாகி நின்னுடும்தானே? என்ன தப்பு?

நிற்காமல் போனால்தான் தப்பு. சாதாரணக் கண்ணாடி ஹீட்டருக்குள் இரண்டு உலோகப் பட்டை சேர்ந்த ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். சூடானால் வளைந்து விலகும், குளிர்ந்தால் திரும்ப ஒட்டும். தினமும் பல தடவை இப்படி ஒட்டி விலகும்போது சின்னச் சின்னப் பொறி பறக்கும். நாளடைவில் அந்த முனைகள் தீய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு டயலை எங்கே திருப்பினாலும் ஹீட்டர் அணையாது. ஒரே இரவில் தொட்டி முழுவதும் வெந்துபோவது இப்படித்தான்.

45 லிட்டர் தண்ணீரில் 200 வாட் ஹீட்டர் இப்படி மாட்டிக்கொண்டால், கால் மணி நேரத்துக்கு ஒரு டிகிரி ஏறும். மூன்று மணி நேரத்தில் மீன் தாங்காத சூடு வந்துவிடும். நாம் தூங்கிக்கொண்டிருப்போம். அதே தொட்டியில் 50 வாட் மாட்டிக்கொண்டால் ஒரு டிகிரி ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏற ஏறத் தொட்டி வெளியே விடும் சூடும் கூடுவதால், 20 டிகிரி அறையில் 26, 27 பக்கம் வந்து அப்படியே நின்றுவிடும். அந்த ஹீட்டர் பழுதானாலும் மீனைக் கொல்லும் அளவுக்கு அதனிடம் சக்தி கிடையாது. சிறிய வாட்டை நான் வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம்.

நூறு லிட்டருக்கு மேல் உள்ள தொட்டி என்றால், தேவையான வாட்டை இரண்டாகப் பிரித்து இரண்டு ஹீட்டராகப் போடுங்கள். ஒன்று அணையாமல் மாட்டிக்கொண்டால் மற்றது தானாக நின்றுவிடும், பாதிச் சக்திதான் ஓடும். ஒன்று எரியாமல் போனால் மற்றது விடியும்வரை தாக்குப் பிடிக்கும். தொட்டியின் இரண்டு முனையிலும் சூடு சமமாகப் பரவுவது கூடுதல் லாபம்.

கண்ணாடி ஹீட்டரா, ஸ்டீலா, டிஜிட்டலா?

சின்ன மீன்கள் இருக்கும் தொட்டிக்குக் கண்ணாடி ஹீட்டர் போதும். ஆஸ்கர், ஃப்ளவர்ஹார்ன் மாதிரி முட்டி மோதும் மீன் என்றால் ஸ்டீல் அல்லது டைட்டானியம், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் கூண்டு மாட்டிய கண்ணாடி.

சூட்டைக் கட்டுப்படுத்தும் வழியே இல்லாத, செருகினால் எரிந்துகொண்டே இருக்கும் சின்ன ஹீட்டர்கள் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றைத் தனியாகப் போடாதீர்கள்.

கூடுதலாகச் செலவு செய்ய முடிந்தால் விலை உயர்ந்த ஹீட்டருக்குச் செய்யாமல், தனியான டெம்பரேச்சர் கன்ட்ரோலருக்குச் செய்யுங்கள். அதன் சென்சார் தண்ணீரில் இருக்கும், ஹீட்டரின் பிளக் கன்ட்ரோலரில் செருகப்படும். கன்ட்ரோலரில் 25 வைத்து, ஹீட்டர் டயலை 27-ல் விடுங்கள். அன்றாட வேலையைக் கன்ட்ரோலர் பார்க்கும், அது பழுதானால் ஹீட்டரின் சொந்த சுவிட்ச் 27-ல் நிறுத்தும். சென்சார் ஒயரைத் தொட்டி விளிம்பில் நன்றாகக் கட்டி வையுங்கள். அது நழுவி வெளியே விழுந்தால் குளிர்ந்த காற்றை அளந்துகொண்டு ஹீட்டரை ஓட்டிக்கொண்டே இருக்கும். எஸ்டிசி-1000 மாதிரி ஒயர் இணைக்க வேண்டிய வகையை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து ஒரு பெட்டிக்குள் மூடி வாங்குங்கள். வேலை தெரியாதவர்கள் நேரே பிளக்கில் செருகும் வகையை எடுத்துக்கொள்ளலாம்.

எந்த ஹீட்டரானாலும் டயலில் உள்ள எண்ணை வேதவாக்காக எடுக்காதீர்கள். 26 என்று வைத்தால் 24-ல் நிற்பதும் உண்டு, 28-க்குப் போவதும் உண்டு. தெர்மாமீட்டர் காட்டுவதை வைத்து டயலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிச் சரி செய்யுங்கள்.

டீப்பாய் மேல சின்ன பவுல்ல ஒரு ஃபைட்டர். அதுக்கு என்ன ஹீட்டர்?

பவுலை மாற்றுவதுதான் பதில். ஐந்து லிட்டர் பவுலில் 25 வாட் ஹீட்டர் அணையாமல் மாட்டிக்கொண்டால் கால் மணி நேரத்துக்கு ஒரு டிகிரி ஏறும். பெரிய தொட்டியில் 200 வாட் செய்த வேலையை இங்கே 25 வாட்டே செய்துவிடும். ஹீட்டர் இல்லாமல் விட்டால் அறையோடு சேர்ந்து பவுலும் குளிரும். 20 லிட்டர் தொட்டி, மூடி, 25 வாட் ஹீட்டர், மெதுவான ஸ்பாஞ்ச் ஃபில்டர். ஃபைட்டர் எத்தனை நிறம் காட்டும் என்பதை அதற்குப் பிறகு பாருங்கள்.

ஹீட்டரை எங்க வைக்கணும்?

ஃபில்டர் தண்ணீர் தள்ளும் இடத்துக்குப் பக்கத்தில். ஓட்டம் இல்லாத மூலையில் வைத்தால் அதைச் சுற்றியுள்ள தண்ணீர் மட்டும் சூடாகி ஹீட்டர் நின்றுவிடும், மறுமுனை குளிர்ந்தே கிடக்கும். முழுவதும் மூழ்கும் வகை என்றால் அடியிலிருந்து இரண்டு அங்குலம் மேலே படுக்கையாக வைப்பது எனக்குப் பிடித்த முறை. தண்ணீர் கொஞ்சம் வற்றினாலும் ஹீட்டர் வெளியே தெரியாது. நிமிர்த்தி வைப்பதாக இருந்தால் அதன் மேல் போட்டிருக்கும் குறைந்தபட்சத் தண்ணீர்க் கோட்டைக் கவனியுங்கள். மணலுக்குள் புதைக்கக் கூடாது.

தொட்டியில் இறக்கியதும் சுவிட்ச் போடாதீர்கள், இருபது நிமிடம் விடுங்கள். தண்ணீரின் சூட்டுக்கு அது பழகிய பிறகு போடலாம்.

ஷாக் அடிக்குமா?

கண்ணாடியில் விரிசல் விட்டால் அடிக்கும். 230 வோல்ட் மின்சாரம் தண்ணீருக்குள் போகிறது, விளையாட்டல்ல. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை இன்னும் கவனமாகப் படியுங்கள்.

தொட்டிக்குள் கை விடும் முன் பிளக்கைக் கழற்ற வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பழைய வயரிங்கில் சுவிட்ச் நியூட்ரல் பக்கம் இருக்கும் வீடுகள் உண்டு, அணைத்தாலும் ஒயரில் மின்சாரம் இருக்கும். மெயின் போர்டில், மின்கசிவு வந்தால் கரண்டைத் தானாகத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். இல்லையென்றால் தொட்டிக்காக மட்டுமல்ல, வீட்டுக்காகவே அதைப் போட்டுவிடுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒயரில் வழியும் தண்ணீர் பிளக்குக்குள் போகாமல் இருக்க, ஒயரைப் பிளக் பாயிண்டுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலே ஏற்றிச் செருகுங்கள். தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். ஸ்டாண்டுக்கு அடியில் தரையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைப்பது வேண்டவே வேண்டாம். நிறைய ஹீட்டர்கள் இரண்டு பின் பிளக்கோடு வருகின்றன. தளர்ந்த பாயிண்டில் அது ஆடி ஆடிக் கருகும். இறுகப் பிடிக்கும் பாயிண்டாகப் பாருங்கள்.

கரண்ட் பில் எவ்வளவு கூடும்?

வாட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், எத்தனை மணி நேரம் எரிகிறது என்பதுதான் கணக்கு. தருமபுரி வீட்டில் 50 வாட் ஹீட்டர் ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் எரிந்தால் 0.3 யூனிட். இரண்டு மாத பில்லுக்கு 18 யூனிட். ஓசூரில் 100 வாட் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்கு 1.2 யூனிட், இரண்டு மாதத்துக்கு 72. முதல் சில யூனிட்கள் இலவசம் என்றாலும், ஏற்கெனவே 500 யூனிட் எல்லையை ஒட்டி ஓடும் வீடுகள் கவனிக்க வேண்டும். அதைத் தாண்டினால் கட்டணக் கணக்கே மாறிவிடும். மூடியும் தெர்மோகோலும் இங்கேதான் பணமாகத் திரும்பி வரும்.

கரண்ட் போனா?

மாதாமாதம் வரும் பராமரிப்பு மின்தடை பகலில்தான், அதற்குக் கவலை வேண்டாம். ராத்திரியில் போனால் 45 லிட்டர் தொட்டி மணிக்கு ஒரு டிகிரிக்குள்தான் இறங்கும். மேலே மூடி, சுற்றி ஒரு போர்வை, அதோடு விடுங்கள். சூட்டைவிட அவசரம் ஆக்சிஜன்தான். ஃபில்டர் நின்றுவிட்டதால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றை வாங்கி வையுங்கள். இன்வெர்ட்டரில் ஹீட்டர் ஓட்டினால் பேட்டரி சீக்கிரம் இறங்கும். ஃபில்டரை மட்டும் அதில் கொடுங்கள்.

நீண்ட நேரம் வரவில்லை என்றால் பிளாஸ்டிக் பாட்டிலில் வெதுவெதுப்பைவிடக் கொஞ்சம் அதிகச் சூடான தண்ணீரை நிரப்பி, இறுக மூடி மிதக்கவிடுங்கள். சுடுதண்ணீரை நேராகத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

ஹீட்டர் மேல வெள்ளையா கல்லு மாதிரி படியுது. கெட்டுப் போச்சா?

கெடவில்லை, அது உப்பு. நம்ம பக்கத்துப் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினத் தண்ணீர். பாத்திரத்தில், கெய்சர் காயிலில் படியும் அதே சுண்ணாம்புப் படிவம்தான், சூடாகும் இடத்தில் முதலில் படியும். அது தடித்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் உள்ளேயே தேங்கும். கண்ணாடி விரிசல் விட அதுவும் ஒரு காரணம்.

பிளக்கைக் கழற்றி, அரை மணி நேரம் ஆறவிட்டு எடுத்து, வெள்ளைப் பகுதி மட்டும் முங்கும்படி வினிகரில் ஒரு மணி நேரம் வையுங்கள். வினிகர் இல்லாவிட்டால் எலுமிச்சைச் சாறு. முதலில் நுரை பொங்கும், பிறகு விரலால் தேய்த்தாலே உரிந்து வரும். கத்தியால் சுரண்டாதீர்கள். நல்ல தண்ணீரில் கழுவி மாட்டுங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் வீடுகளில் அதைப் போர் தண்ணீரோடு கலந்து பயன்படுத்தலாம். குளோரின் போக்கிய பிறகுதான்.

மார்கழியில தண்ணி மாத்தறது எப்படி?

காலையில் மாற்றாதீர்கள். மாடி டேங்க் தண்ணீர் விடியற்காலையில் ஐஸாக இருக்கும். மதியம் பன்னிரண்டு மணிக்கு மேல் மாற்றுங்கள். போர் மோட்டாரைப் போட்டு நேராகப் பிடிக்கும் தண்ணீர் குளிர்காலத்தில் டேங்க் தண்ணீரைவிட வெதுவெதுப்பாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நிலத்தடியில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே சூடு. அந்தத் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாக இருக்கும் என்பதால் பக்கெட்டில் பிடித்து ஏர் ஸ்டோன் (ஏர் பம்பிலிருந்து வரும் காற்றைக் குமிழிகளாக விடும் கல்) போட்டுச் சில மணி நேரம் வைத்து, ஆறிப்போயிருந்தால் கொஞ்சம் சுடுதண்ணீர் கலந்து, தொட்டிச் சூட்டோடு ஒரு டிகிரிக்குள் வந்த பிறகு ஊற்றுங்கள். ஒரு தடவைக்குக் கால் பங்கு போதும்.

தண்ணீரை இறைக்கும் முன் ஹீட்டர் பிளக்கைக் கழற்றுங்கள். காற்றில் எரியும் ஹீட்டர் மேல் தண்ணீர் பட்டால் கண்ணாடி தெறிக்கும்.

மீன் மேல வெள்ளை வெள்ளையா புள்ளி. ஹீட்டர் வச்சா போகுமா?

ரவை ஒட்டிய மாதிரி புள்ளி இருந்து, மீன் கல்லில் உடம்பை உரசினால் அது இக் என்ற வெண்புள்ளி நோய். திடீர்க் குளிர் விழுந்த சில நாட்களில் வரும். புள்ளியாகத் தெரியும்போது அந்தக் கிருமி மீனின் தோலுக்கு அடியில் இருக்கிறது, அங்கே மருந்து எட்டாது. முற்றிய பிறகு கீழே விழுந்து, கூடு கட்டி, நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகப் பிரிந்து திரும்ப மீனைத் தேடி நீந்தும். மருந்து கொல்வது அந்த நீந்தும் நிலையை மட்டும்தான். குளிர்ந்த தண்ணீரில் இந்தச் சுற்றுக்கு வாரக்கணக்கில் ஆகும், 25 டிகிரிக்கு மேல் சில நாட்களில் முடிந்துவிடும். சூட்டை ஏற்றுவது கிருமி சீக்கிரம் மருந்தில் மாட்டுவதற்காக.

சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரி என்று மெதுவாக 29, 30 வரை ஏற்றி, ஏர் பம்பைக் கூட்டி வைத்து, மருந்துச் சீட்டில் உள்ள அளவில் மருந்து போட்டு, புள்ளி மறைந்த பிறகும் ஒரு வாரம் தொடருங்கள். புள்ளி போனதும் நிறுத்துபவர்களுக்குத்தான் திரும்பத் திரும்ப வருகிறது. கோல்டு ஃபிஷ் தொட்டியில் 30 வரை ஏற்ற வேண்டாம்.

பொங்கலுக்கு நாலு நாள் ஊருக்குப் போறோம். ஹீட்டரை அணைச்சுட்டுப் போகலாமா?

வருஷத்தின் குளிரான நாட்களில் அணைப்பதா? ஓசூரில் வேலை பார்த்துக்கொண்டு பண்டிகைக்கு ஊருக்குப் போகும் குடும்பங்கள் நிறைய. போகும்போது மெயினையே அணைத்துவிட்டுப் போகும் பழக்கமும் உண்டு. தொட்டி இருக்கும் வீட்டில் அது முடியாது. ஹீட்டர், ஃபில்டர் பாயிண்டுகளுக்கு மட்டும் கரண்ட் இருக்கும்படி மற்றதை அணையுங்கள். டயலை 24-க்கு இறக்கி, தண்ணீரை நிறைத்து, மூடி வையுங்கள். புது ஹீட்டரை கிளம்பும் நாளில் மாட்டாதீர்கள், குறைந்தது ஒரு வாரம் முன்பே ஓடவிட்டுப் பாருங்கள்.

நாலு நாளைக்குத் தீனி இல்லாமல் வளர்ந்த மீன் நன்றாகவே இருக்கும். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவி கொடுத்தால், ‘தீனி போடுங்க’ என்று சொல்லாமல் ‘தெர்மாமீட்டரை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க’ என்று கேளுங்கள்.

வெயில் காலத்துல ஹீட்டரை என்ன செய்யறது?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பங்குனி பிறந்ததும் எடுத்துவிடலாம். தண்ணீர் தானாகவே 28-ஐத் தாண்டும் நாட்களில் ஹீட்டர் தொட்டிக்குள் இருப்பதால் லாபம் எதுவும் இல்லை, மாட்டிக்கொண்டால் நஷ்டம் மட்டும் உண்டு. கத்திரியில் மூடியைக் கழற்றி, ஒரு சின்ன ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் ஓடவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஓசூரில் சித்திரை வரைகூட சில வீடுகளில் விடியற்காலை இறங்கும், அங்கே தெர்மாமீட்டரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

எடுத்த ஹீட்டரை வினிகரில் கழுவி, ஒயர் உள்ளே நுழையும் ரப்பர் மூடி வெடித்திருக்கிறதா, கண்ணாடிக்குள் ஈரம் கோத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் தூக்கிப் போடுங்கள், ஒட்டுப் போட்டு வைக்காதீர்கள். நல்லதாக இருந்தால் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து, அடுத்த ஐப்பசியில் எடுக்கும்போது நேரே தொட்டியில் போடாமல் ஒரு பிளாஸ்டிக் பக்கெட் தண்ணீரில் மூழ்கவைத்து, தெர்மாமீட்டரோடு ஒரு நாள் முழுக்க ஓடவிடுங்கள். வைத்த அளவில் நின்று, குளிர்ந்ததும் திரும்ப எரிந்தால் தொட்டியில் மாட்டலாம். சோதிக்கும்போதும் பிளக்கைக் கழற்றிய பிறகுதான் பக்கெட்டில் கை விட வேண்டும்.